நாடி பார்க்கிற சாக்கில்

நோயாளியின் மூச்சை எண்ணும்போது, எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்லக் கூடாது. எங்கள் தொழிலில் சொல்லாமல் செய்கிற வேலை அநேகமாக இது ஒன்றுதான். ஊசி போடுவதானால் சொல்லிவிட்டுத்தான் போடுகிறோம். பிரஷர் பார்ப்பதானால் கையை நீட்டச் சொல்கிறோம். மூச்சு அப்படி இல்லை. 'உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்' என்று சொல்லிவிட்டால் போதும், அதுவரை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மூச்சு வாத்தியாரைக் கண்ட பள்ளிப்பிள்ளை மாதிரி ஒழுங்காகிவிடும். ஒருவர் இழுத்து இழுத்து விடுவார். இன்னொருவர் அடக்கிக்கொள்வார். ஆகவே நாங்கள் மணிக்கட்டைப் பிடித்து முதலில் நாடி பார்ப்போம். நாடி எண்ணி முடிந்த பிறகும் கையை விட மாட்டோம். இன்னும் நாடிதான் பார்க்கிறோம் என்கிற முகத்தோடு, ஓரக்கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுவோம். களவுதான். ஆனால் யாருக்கும் நஷ்டமில்லாத களவு.

கோட்டாற்றில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. வார்டுக்குள் நுழைந்ததும் முதல் சுற்று இதுதான்: காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர், அப்புறம் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப். ஜனங்கள் காய்ச்சலையும் கிளிப்பையும்தான் மதிப்பார்கள். அவற்றில் எண் வெளிச்சமாகத் தெரியுமே. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டுகிற துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார்கள். கோட்டாற்றுக் கடைக்காரர்கள் அதன் முன்னால் திருநீறு வாங்குவதுபோலக் குனிவார்கள். குளச்சலிலிருந்து வருகிற அம்மாமார் சாம்பல் புதனுக்குப் பாதிரியார் முன் நிற்பதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார்கள். எண்ணைச் சொன்னால் நல்லதோ கெட்டதோ ஒரு நிம்மதியோடு நகர்வார்கள். எனக்கு அந்தத் துப்பாக்கி மேல் நம்பிக்கையே வந்ததில்லை. வெயிலில் நடந்து வந்தவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லும். ஏசி காரில் இறங்கியவனுக்கு உயிரே இல்லை என்று சொல்லும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வார்டில் பேச்சு உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மாவைக் கட்டிலில் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று கிளிப்பின் எண்ணைப் போட்டோ எடுத்து வாட்சாப்பில் அனுப்புகிற பிள்ளைகளைப் பார்த்தால் எரிச்சல் வரும். 'நம்பரைப் பாத்தது போதும், அம்மா முகத்தைப் பாருங்க' என்று நான் ஏசாத மகனும் மகளும் குறைவு. அப்படி ஏசித் திரிந்தவள் வீட்டிலேயே அந்த நம்பர் வந்து உட்கார்ந்ததுதான் வேடிக்கை.

மாமி, அதாவது என் கணவரின் அம்மா, பாதி ஆயுசை அண்டியாபீசில் கழித்தவர். முந்திரிக்கொட்டையை எங்கள் பக்கம் அண்டி என்போம். அதை வறுத்து உடைக்கிற ஆலைதான் அண்டியாபீஸ். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். தரையில் இருந்துகொண்டு கட்டையால் தட்டித் தட்டி ஓட்டை உடைக்க வேண்டும். ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து கறுத்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள், என்றாலும் இரண்டு கையிலும் விரலெல்லாம் கரிப்பானை மாதிரி ஆகிவிடும். கையில் தெரிந்த கேடு நெஞ்சில் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். வறுக்கிற புகையைக் குடித்துக் குடித்து நுரையீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, மாமி தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

ஆலையை விட்டு நின்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வீட்டிலேயே அண்டி வாங்கி உடைத்துக் கொடுப்பார். மாமி பொழுதுபோகாமல் அங்கே போய் உட்கார்ந்து உடைப்பார். நான் டூட்டிக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்த அக்காதான் மாமிக்குத் துணை.

எனக்கும் மாமிக்கும் சண்டையும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. நான் கிளம்பும்போது சோற்றுப் பாத்திரம் மேசையில் இருக்கும். வரும்போது நான் மீன் வாங்கி வருவேன், அவர் கழுவுவார். "வாறேன் மாமி." "ம்." பல வருடம் இந்தப் பேச்சிலேயே குடும்பம் நன்றாக நடந்தது. ஊரார் கையையெல்லாம் தினமும் பிடிக்கிற நான் மாமியின் கையைப் பிடித்ததாக நினைவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. மருமகள் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் டிவி சீரியலில்தான்.

போன வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் மாமி இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். இரண்டாம் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இனி ஒருக்கா நெஞ்சில சளி கட்டுனா தாங்குறது கஷ்டம். வீட்டுலயே வச்சுப் பாருங்க" என்றார். ஆக்சிஜன் மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தோம். வில்லுக்குறியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாய், அதற்கப்பால் வயல். தவளைச் சத்தத்தோடு இந்த மிஷின் சத்தமும் சேர்ந்துகொண்டது. "இது என்னட்டி, அண்டியாபீசுக்க மோட்டர் மாதிரி" என்று மாமி முதல் நாள் முகத்தைச் சுளித்தார். பிறகு பழகிவிட்டார்.

என் கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். புதிய கம்பெனியில் சேர்ந்து அரை வருடம்கூட ஆகவில்லை. கிறிஸ்மஸுக்கு லீவு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நடுவில் ஊருக்குப் போனால் திரும்பி வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. அவருடைய அப்பா நோயில் கிடந்தபோது, பிள்ளையைக் கலங்கடிக்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் 'நல்லா இருக்காரு, பயப்பட ஒண்ணுமில்ல' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் விமானம் ஏறியது அடக்கத்துக்கு. அதற்கும் வந்து சேர முடியவில்லை. வந்து பார்த்தபோது கல்லறையில் போட்ட பூமாலையும் காய்ந்துவிட்டது. அன்றைக்கு அவர் யாரையும் ஒரு வார்த்தை ஏசவில்லை. கல்லறைப் பக்கம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். நான் தூர நின்றேன்.

மாமி வீட்டுக்கு வந்த அன்று அவர் போனில் சொன்னார். "நீ நர்ஸ். ஆளுகளுக்க பேச்சு எனக்கு வேண்டாம். நீ வான்னு சொல்லு, நான் வந்திருகேன். வராண்டாம்னு சொல்லு, இருக்கேன். அப்பாவுக்க காரியம் போல ஆக்கிராத."

சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது. சீக்கிரம் கூப்பிட்டு மாமி தேறிவிட்டால் நல்ல வேலையை நான் கெடுத்தவள் ஆவேன். தாமதித்துக் கூப்பிட்டால், அந்தக் காய்ந்த பூமாலை இன்னொரு தடவை.

மாமிக்கோ ஒரே பிடிவாதம். "அவன் கிறிஸ்மஸுக்கு வரட்டு. அதுக்கு இடையில அவனக் கூப்பிடாத, சொல்லிப்போட்டேன். கெடைக்காம கெடைச்ச சோலி. எனக்க கெடப்பப் பாக்கதுக்கா அவன் அதக் களையணும்?"

இப்படி ஒருவருக்கு வர வேண்டும், இன்னொருவருக்கு வரக் கூடாது. நடுவில் நான், கையில் தெர்மாமீட்டரோடு.

காலையில் நான் டூட்டிக்குப் போவதற்கு முன்னால் என் கணவர் வீடியோவில் வருவார். அங்கே அவருக்கு அது விடிந்தும் விடியாத நேரம். நான் கட்டிலுக்கு எதிரே போனைச் சாத்தி வைத்து, அவர் பார்க்கப் பார்க்க எல்லாம் அளப்பேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக மாமி செய்கிற ஆயத்தத்தைப் பார்க்க வேண்டும். வெளுத்து மடித்த சேலை. முகத்துக்குப் பவுடர். முடியை நனைத்து வாரி, முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து இருப்பார். அதற்கு முன் ஒரு மணி நேரம் வாயைத் திறக்க மாட்டார். பேசினால் மூச்சு இளைக்கும் அல்லவா. மிச்சம் பிடித்து வைத்த மூச்சையெல்லாம் மகன் முன்னால் செலவு செய்வார்.

"அம்மா, எப்பிடி இருக்க?"

"எனக்கென்ன மக்கா, குத்துக்கல்லு போல இருக்கேன். நீ தின்னியா?"

தெர்மாமீட்டர் நாக்குக்கு அடியில். பீப் என்றதும் அவரே எடுத்து மகனுக்குக் காட்டுவார். "பாத்தியா, பனியொண்ணும் இல்ல." காய்ச்சலைப் பனி என்பார் அவர். அடுத்து விரலில் கிளிப். அதில் எண் குறைவாகத்தான் வரும். மகன் முகம் மாறுவதற்குள் மாமி கறுத்த விரலை போனுக்கு நேரே நீட்டுவார். "அண்டிக் கறையாக்கும் மக்கா. கறையில லைட்டு கேறாது. ஒனக்க பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாரு." நானும் ஆமாம் என்பேன். பொய் இல்லை. கோட்டாற்றில் கல்யாண வீட்டிலிருந்து மருதாணி விரலோடு வருகிறவர்களிடம் கிளிப் சண்டித்தனம் செய்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அண்டிக் கறைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

எல்லாம் முடிந்து போனை வைத்த பிறகு, நான் நாடி பார்ப்பேன். வார்டுப் பழக்கம். மணிக்கட்டைப் பிடித்து, வாட்சைப் பார்த்து, அப்படியே மூச்சையும் எண்ணிவிடுவேன். மாமி ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகன் போனிலிருந்து போய்விட்ட களைப்பு முகத்தில் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் எதையும் காட்ட முயன்றதில்லை. முதல் வாரம் நிமிடத்துக்கு இருபதுக்குப் பக்கத்தில் இருந்தது. அவருடைய நோய்க்கு அது பரவாயில்லை. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது.

இதுதான் எனக்குப் புரியவில்லை. காய்ச்சல் இல்லை என்கிறது தெர்மாமீட்டர். மூச்சு மட்டும் ஏன் ஏறுகிறது? ஒரு நாள் பிடித்த கை சுட்டது. பழைய துணியைப் பிழிந்து வைத்தால் காய்ந்துவிடும், அப்படி ஒரு சூடு. மறுபடியும் தெர்மாமீட்டரை வைத்தேன். இம்மிகூட ஏறவில்லை. கைக்கும் மிஷினுக்கும் வழக்கு வந்தால் நான் எப்போதும் கையின் கட்சி. ஆனால் என்ன சொல்லி நிரூபிப்பது?

உள்ளி, அதாவது வெங்காயம், காட்டிக்கொடுத்தது. மறுநாள் அளந்து முடித்து, தெர்மாமீட்டரின் நுனியைத் துடைக்க எடுத்தபோது மூக்கில் ஒரு வாசனை ஏறியது. சின்ன உள்ளியும் பழஞ்சியும். பழஞ்சி என்றால் ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து விடிந்து குடிக்கிறது. மண்பானையில் இருந்தால் ஐஸ் போட்டதுபோலக் குளிர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் நான் சோறு மிச்சம் வைப்பதே இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் எவர்சில்வர் தூக்கு உட்கார்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"மாமி! பழஞ்சிய வாயில வச்சுக்கிட்டா தெர்மாமீட்டர வச்சீங்க?"

"பின்ன வெறும் வயித்துலயா வைப்பாவ?"

"எத்தற நாளா இது?"

அவர் தலையணையைச் சரிசெய்தார். குளிர்ந்ததைக் குடித்தால் வாய்ச்சூடு குறைவாகக் காட்டும் என்பதை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரியை ஒரு நர்ஸ் ஏசியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். அந்த நர்ஸ் வேறு யாருமில்லை, நான்தான். என் வாயே எனக்கு எமன்.

பிறகு தெர்மாமீட்டரை அக்குளைத் துடைத்து அங்கே வைத்தேன். நல்ல காய்ச்சல். அடுத்து விரலைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை நாளாகிவிட்டது, கறை உரிந்து புதுத்தோல் வந்திருக்க வேண்டும். இதுவோ நேற்றுப் பட்டதுபோலப் பளபளவென்று கறுப்பு. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த அக்கா பாவம், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்.

"நான் என்ன செய்ய மைனி? ஒரு பிடி அண்டி கொண்டு வாட்டி, கை சும்மா தரிக்கமாட்டேங்குன்னு ஒங்க மாமி சொல்லும். சாம்பலுந் தொடாம உடைக்கும். நான் சொன்னா கேக்குமா?"

மகனுக்குச் சொன்ன சாக்கு உரிந்துபோகக் கூடாது என்று, மூச்சுக்குத் தவிக்கிற மனுஷி கட்டிலில் இருந்தபடி அண்டி உடைத்துக் கறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். இந்தக் கள்ளத்தை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரியும் செய்ய முடியாது. கிளிப்பைக் கழற்றிக் கால்விரலில் மாட்டினேன். கால் அண்டி உடைப்பதில்லை அல்லவா. அதே குறைந்த எண்தான் அங்கும் வந்தது. கறை மேல் பழி போட்டதெல்லாம் வீண்பழி.

"டூட்டி ஆஸ்பத்திரியில போதாதா, வீட்டுலயுமா?" என்று மாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிடிபட்ட வெட்கம்.

அன்றே டாக்டரிடம் ஓடினேன். ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார். வேளாவேளைக்கு நானே போட்டேன். நான் டூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். சில நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. இந்தத் தடவை உண்மையாகவே இறங்கியது. நானே அக்குளில் வைத்து, பக்கத்தில் நின்று பார்த்தேன். மிஷினிலிருந்து வருகிற காற்றைக் கொஞ்சம் கூட்டியதும் கிளிப்பின் எண்ணும் தேறியது. காலை வீடியோவில் கணவர் சிரித்தார். "இப்போ நல்லா இருக்கே! பொறவு என்ன, கிறிஸ்மஸுக்குப் பாப்போம்மா." மாமி என்னைப் பார்த்தார், ஜெயித்துவிட்டவர் மாதிரி.

போனை வைத்த பிறகு நான் மணிக்கட்டைப் பிடித்தேன். மூச்சு முப்பது. காய்ச்சல் இல்லை, எண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, மூச்சு மட்டும் இறங்கவில்லை. சாயங்காலம் மாமி அயர்ந்து தூங்கும்போதும் பார்த்தேன். தூக்கத்திலும் அப்படியே. கழுத்துக்குக் கீழே, எலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டது. மேடேறிய வண்டிமாடு போல உடம்பு முழுவதும் மூச்சு விடும் வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தது. அந்த வேலையை எத்தனை நாள் செய்ய முடியும்? வார்டில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மற்ற எண்ணெல்லாம் கடைசி வரை மரியாதையாக நிற்கும். மூச்சுதான் முன்கூட்டியே சொல்லும்.

டாக்டரிடம் சொன்னேன். அவர், "இருக்கலாம் சிஸ்டர், தேறவும் செய்யலாம். உறுதியா எப்படிச் சொல்ல?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அவரிடம் யாரும் 'நீ சொல்லு, நான் வந்திருகேன்' என்று சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு பயம் பட்டதில்லை. ஒரு குடும்பத்தின் சோற்றை, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை ஒரு நெஞ்சு ஏறி இறங்கியது என்பதை வைத்து நான் முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணை வேறு யாரும் பார்க்கவும் இல்லை. அதற்கு வெளிச்சம் கிடையாது, பீப் கிடையாது, போட்டோ எடுத்து அனுப்ப முடியாது. என் கண் பார்த்தது, அவ்வளவுதான் சாட்சி.

மறுநாள் பால் வாங்கப் போகிற சாக்கில் கால்வாய்ப் பாலத்துக்கு நடந்தேன். தண்ணீர் விளிம்பு வரை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்று அவரைக் கூப்பிட்டேன்.

"வாங்க" என்றேன்.

"நேத்து எல்லாம் நல்லா இருந்துதே?"

"ஆமா. இப்பவும் நல்லாத்தான் காட்டுது. ஆனா வாங்க."

"நிச்சயமாட்டு சொல்லுகியா?" என்று கேட்டார்.

"நிச்சயம் எனக்குத் தெரியாது. மூச்ச எண்ணுனேன். வரணும்னு தோணிச்சு. ஒருவேள மாமி தேறிட்டா, என்னய ஏசுங்க. நான் கேட்டுக்கிடுகேன்."

"சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த 'சரி'க்காக இன்றைக்கும் அவரிடம் எனக்கு நன்றி உண்டு. பாலை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாமிக்கு விஷயம் தெரிந்ததும் என்னோடு பேச்சை நிறுத்தினார். ஏற்கெனவே இருந்தது ஒரு 'ம்'. அதுவும் போயிற்று. மருந்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கஞ்சியைக் கொடுத்தால் இரண்டு கரண்டி குடிப்பார், முகம் மட்டும் ஜன்னல் பக்கம். பக்கத்து வீட்டு அக்காவிடம், எனக்குக் கேட்க வேண்டும் என்றே, "எனக்க மவனுக்க சோத்துல மண்ணப் போட்டுட்டா" என்றார். சமையலறையில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் கோபமாக இருந்த அந்த நாளிலும் நாடி பார்க்கப் போனபோது கையை மட்டும் நீட்டினார். முகம் ஜன்னலில், கை என் கையில். நான் வழக்கம்போல நாடியை எண்ணி, அப்புறம் களவாக மூச்சை எண்ணி, கையை மெதுவாகப் போர்வையில் வைத்தேன்.

என் கணவர் வந்து சேர்ந்தது ஒரு மத்தியானம். மழை சாரலாகத் தூறிக்கொண்டிருந்தது. பெட்டியை வாசலில் விட்டுவிட்டு நேரே உள்ளே போனார். மாமி அன்று பவுடர் போடவில்லை, நிமிர்ந்து உட்காரவும் இல்லை. முடியாது. மகனைப் பார்த்ததும், ஏசுவதற்காக எடுத்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "வந்தியா மக்கா" என்றார். உடனே, "தின்னியா?"

"தின்னேம்மா."

"கள்ளன். மொகத்தப் பாத்தா தெரியாதா?" என்னைப் பார்த்து, "ஏட்டி, அவனுக்குச் சோறு போடு" என்றார். பேச்சு திரும்பி வந்தது அப்படித்தான்.

சாப்பிட்டுவிட்டு வந்து அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எதையாவது செய்ய வேண்டும் என்கிற தவிப்பு ஆண்களுக்கு. இத்தனை நாளும் போனில் நம்பரையே பார்த்துப் பழகியவர் அல்லவா, அம்மாவின் மணிக்கட்டை எடுத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையில் போனின் கடிகாரத்தைப் பிடித்து, உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினார். பெருவிரலால் பார்த்தால் தன் நாடியே தனக்குத் தட்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமி பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"ஏலே, நீ எண்ணாண்டாம். எண்ணுகதுக்கு அவ உண்டு. கையப் பிடிச்சுக்கிட்டு எனக்க மூச்ச எண்ணுகா, தெனமும். நீ சும்மா பிடி."

"மாமி, நான் மூச்ச எண்ணுகது ஒங்களுக்குத் தெரியுமா?"

"அண்டியாபீசில மேஸ்திரி நம்மகிட்ட பேச்சு கொடுத்துக்கிட்டே, உடைச்ச பருப்ப எண்ணுவான். எண்ணுகவனுக்க கண்ணு... எனக்குத் தெரியும் மக்கா."

இத்தனை வருடம் நோயாளிகளை ஏமாற்றிய என் கெட்டிக்காரத்தனம் அந்த ஒரு மனுஷியிடம் செல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒன்று உறைத்தது, சிரிப்பு நின்றது. பழஞ்சி குடித்துத் தெர்மாமீட்டரை ஏமாற்றியவர், அண்டி உடைத்துக் கிளிப்பை ஏமாற்றியவர், மகன் முன்னால் ஒரு மணி நேரத்து மூச்சை மிச்சம் பிடித்தவர், நான் எண்ணுகிறேன் என்று தெரிந்திருந்தால் மூச்சையும் அடக்கியிருக்கலாமே. ஒரு நிமிடம்தானே. அடக்கியிருந்தால் நான் அவர் மகனைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

"பொறவு ஏன் மாமி அத மட்டும் மறைக்கல?"

அவர் மூச்சைத் திரட்டிக்கொண்டார்.

"அதெல்லாம் மிஷினு. ஏமாத்தலாம். கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கவள எப்பிடி மக்கா ஏமாத்துகது?"

என் கணவர் போனைக் கீழே வைத்தார். நான் அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு கொஞ்ச நாள் கிடைத்தது. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச முடியாதபோது அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். கம்பெனி சொன்னபடியே செய்தது, அந்த வேலை போயிற்று. பிறகு வேறு வேலை கிடைத்தது, அது வேறு கதை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் குறையாகப் பேசியதில்லை. டூட்டிக்குப் போவதற்கு முன்னால் நான் வழக்கம்போல வந்து கையைப் பிடிப்பேன். மாமி என் கண்ணைப் பார்ப்பார். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதால் நானும் நேரே நெஞ்சைப் பார்த்தே எண்ணுவேன். "எத்தற?" என்று ஒரு தடவை கேட்டார். சொன்னேன். "கூடுதல்தான், இல்லியா?" என்றார், கடையில் மீன் விலை கேட்டதுபோல.

கடைசி நாள் காலை வெயில் அடித்தது. வயலில் நாற்று நடுகிற பெண்களின் பேச்சு கேட்டது. வலப்பக்கம் மகன், இடப்பக்கம் நான். மாமியின் மூச்சு நின்று நின்று வந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவில் மாமி என்னைப் பார்த்தார், எத்தனை என்று கேட்கிற முகம். வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன். நானும் சும்மாதான் பிடித்திருந்தேன்.